ஒன்பது அடி நான்கு அங்குலம்

"கட்டைவிரல அங்கியே வெச்சிக்கோ. சத்தமா சொல்லாத. நான் வந்து பாக்கறேன்."

என் மகள் செலினிடம் நான் சொன்ன வார்த்தைகள் இவை. ஆடி மாதம், பகல் இரண்டு மணி இருக்கும். காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. கீழத்தெருவின் நடுவில் அடிபம்புத் திட்டுக்கும் மில் தொழிலாளி அந்தோணியின் வீட்டுச் சுவருக்கும் இடையே ஒரு துணி டேப்பை இழுத்துப் பிடித்திருந்தோம். வளையம் வைத்த நுனி என்னிடம். தோல் உறை அவளிடம்.

அந்தத் தெருவிலேயே குறுகலான இடம் அதுதான். எங்கள் மாதா கோயில் தேர் அந்த வழியாகப் போகுமா போகாதா என்று அளந்து சொல்வதற்காகப் போயிருந்தோம்.

நாங்கள் வருவது தெரிந்து கீழத்தெருக்காரர்கள் தெருவையே ஒழித்து வைத்திருந்தார்கள். துணிக்கொடிகள் அவிழ்க்கப்பட்டிருந்தன. தெருவுக்குள் நீட்டியிருந்த கூரை இறவாணத்தை இரண்டு முழம் வெட்டியிருந்தார்கள். வெட்டிய ஓலையின் வாடை இன்னும் இருந்தது. ஒரு பெண் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். "இப்பத்தான் குடிச்சேம்மா" என்றேன். செலின் வாங்கிக் குடித்தாள்.

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே அவள் பக்கம் போனேன். அவள் கட்டைவிரல் வைத்திருந்த இடத்தைப் பார்த்தேன். ஒன்பது அடி நான்கு அங்குலம். தேரின் அகலம், கைப்பிடிச் சட்டங்களையும் சேர்த்து, எட்டு அடி ஒன்பது அங்குலம். ஏழு அங்குலம் மிச்சம். தேர் தாராளமாகப் போகும்.

சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தேன். எட்டு அடி நான்கு அங்குலம் என்று எழுதினேன்.

"அப்பா, தப்பா எழுதிட்டீங்க."

"எழுதினது சரிதான். வா."

ஒரு வாசகரின் பாராட்டு

இதை எழுதுவதாக இல்லை. எழுத வைத்தது ஒரு கடிதம்.

எங்கள் கோயிலில் லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்த கதையை இரண்டு வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு பெரியவர், "விசுவாசிகள் காலத்தோடு மாற வேண்டும் என்பதற்குத் தாங்களே சான்று. உங்களைப் போல் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும்" என்று எழுதியிருந்தார். நல்ல கையெழுத்து. என் மனைவி பிலோமினாவிடம் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கவில்லை.

"கீழத்தெரு கதைய எழுதிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப அவரு பாவம், தெரியாம எழுதியிருக்காரு."

நான் மாற்றியவை

அந்தக் கடிதத்தில் பொய் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உழவர்கரைப் பக்கம் எங்கள் கோயிலில் வந்த புதுமைகள் எல்லாவற்றிலும் என் கை உண்டு.

சுவரைப் பார்த்துப் பூசை வைத்த சாமியார் எங்களைப் பார்த்துத் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, கிழவிகள் அழுதார்கள். "சாமியாரு சர்வேசுரனுக்கு முதுகு காட்டுறாரு" என்றார்கள். வீடு வீடாகப் போய்ச் சமாதானம் சொன்னவன் நான். பொதுப்பணித் துறையில் ஓவர்சீயர் வேலை. சைக்கிளில் சுற்றுவது எனக்குப் பழக்கம். "சர்வேசுரனுக்குத் தமிழ் தெரியாதா?" என்று ஒவ்வொரு வாசலிலும் கேட்டேன். எனக்கு அதில் ஒரு கர்வம்.

எங்கள் உபதேசியார் சவரிமுத்து மட்டும் மசியவில்லை. ஐம்பது வருஷம் லத்தீனில் பதில் சொல்லிப் பழகியவர். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது.

"இன்னா முசே," என்பார் என்னை. பழைய பிரெஞ்சுக்காரன் காலத்து மரியாதையும் கிண்டலும் சேர்ந்த 'முசே' அது. "புரியாம இருந்தப்போ பயம் இருந்திச்சி. இப்ப எல்லாம் புரிஞ்சிப் போச்சி. சாமியாரு சொல்றதும் புரியுது, நாம செய்யறதும் புரியுது. ரெண்டும் ஒத்துப் போவலியே, அதுக்கு இன்னா பண்ணப் போறே?"

நான் சிரித்தேன். அவர் சொன்னது என்னைப் பற்றி என்று அப்போது தோன்றவில்லை.

குத்துவிளக்கு வந்தது. ஆர்மோனியம் வந்தது. 'பூசை' என்ற சொல் 'திருப்பலி' ஆனது. கடைசியாக, பெண்பிள்ளைகள் பீடத்தருகே நின்று வேதாகமத்திலிருந்து நிருபம் வாசிக்கலாம் என்று வந்தபோது, முதலில் என் மகளைத்தான் நிறுத்தினேன். அவளுக்குப் பதினாறு வயது. ஒரு மாதம் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் நிற்க வைத்துப் பழக்கினேன்.

"நீட்டி, நிறுத்திப் படிக்கணும். வெக்கப்படக் கூடாது. எழுதியிருக்கிறத எழுதியிருக்கிற மாதிரியே படிக்கணும். கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்."

கடைசி பெஞ்சில் கீழத்தெருக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

மாறாத ஒன்று

நாங்கள் வேதத்தில் சேர்ந்து ஐந்தாறு தலைமுறை ஆகிறது. சேரும்போது சாதியையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுதான் வந்தோம். கீழத்தெருக்காரர்களும் எங்கள் கோயிலில்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள், எங்கள் சாமியார் கையில்தான் நன்மை அப்பம் வாங்கினார்கள். ஆனால் கடைசி பெஞ்சு. கல்லறையில் வேலியோரம். மாதா திருநாளில் தேர் எங்கள் நான்கு தெருவைச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பிவிடும். கீழத்தெரு முனைக்கு வந்ததும் ஒரு நிமிடம் நிற்கும். அவர்கள் தெருவுக்குள் நின்று கும்பிடுவார்கள். மெழுகுவர்த்தியை அங்கிருந்தே காட்டுவார்கள். தேர் திரும்பும்.

புதிதாக வந்த சின்னச் சாமியார் கேட்டார்: "மாதா ஏன் அந்தத் தெருவுக்குப் போறதில்ல?"

கோயில் நிர்வாகத்துக்கான பங்குப் பேரவைக் கூட்டம் அது. சாதி என்று சொல்லத் தமிழிலும் நாக்கு எழவில்லை. கடைசியில் ஒருவர், "தெரு குறுகல் சாமி, தேரு நொழையாது" என்றார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

"அப்படின்னா அளந்து பாத்துடுவோம்" என்றார் சாமியார். "நம்ம செயலாளரே ஓவர்சீயர்தான. அவர் அளந்து சொல்லட்டும். போகும்னா போகட்டும், போகாதுன்னா விட்டுடுவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கீழத்தெருவின் சார்பில் பேரவையில் இருந்த அந்தோணியும் பார்த்தார். பஞ்சுத் தூசி ஒட்டிய புருவம். என் வயதுதான். "ஓவர்சீர் ஐயா அளந்தா சரியா இருக்கும் சாமி" என்றார். "எங்களுக்குச் சம்மதம்."

ஏன் எழுதினேன்

அந்த வாரம் எங்கள் வீட்டுக்கு ஒருவர் வந்திருந்தார். டவுனில் நல்ல குடும்பம். செலினை அவருடைய தம்பி மகனுக்குக் கேட்கிறார்கள். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதுபோல் கேட்டார்.

"ஒங்க கோயில் தேரு இந்த வருஷம் அங்கல்லாம் போவுதாமே? நீங்கதான் முன்ன நிக்கிறீங்களாமே?"

"அப்படில்லாம் ஒண்ணும் முடிவாவல."

"முடிவாவட்டும், முடிவாவட்டும். அப்பறமா வறோம்."

இவ்வளவுதான். இதற்காகத்தான் ஒன்பதை எட்டாக எழுதினேன். வாசகர்கள் இதைவிடப் பெரிய காரணம் எதிர்பார்க்கக்கூடும். என்னிடம் இல்லை. பெண்ணைப் பெற்றவனின் பயம் என்று எனக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். அந்தப் பெயர் கேட்க நன்றாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேரவையில் நான் அளவை வாசித்தேன். தேர் எட்டு அடி ஒன்பது. தெரு எட்டு அடி நான்கு. ஐந்து அங்குலம் போதாது. சின்னச் சாமியார் முகம் தொங்கிவிட்டது. அந்தோணி மட்டும், "அஞ்சி அங்குலம்தான ஐயா?" என்று கேட்டார்.

"அஞ்சுன்னாலும் இல்லாதது இல்லாததுதான் அந்தோணி."

"சரிங்கையா" என்று போய்விட்டார்.

சுவர்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் பேரவைக் கூட்டத்துக்காகப் பள்ளிக்கூட ஹாலில் உட்கார்ந்திருந்தபோது அந்தோணி வந்தார். கை இரண்டிலும் கொப்புளம். ஒன்றில் துணி சுற்றியிருந்தது. அவருக்குப் பின்னால் கீழத்தெருவே வந்து வாசலில் நின்றது.

"சாமி, செவுத்த இடிச்சிட்டோம்."

"எந்தச் சுவர?"

"எங்க வூட்டு முன்செவுரு. ஒரு அடி உள்ள தள்ளி மண்ணுல எழுப்பிக்கிட்டிருக்கோம். அதுவரிக்கும் பாய கட்டித் தொங்கவுட்டுருக்கு. எட்டு நாலோட ஒரு அடி, ஒம்பது நாலு ஆவுது. தேரு எட்டு ஒம்பது. ஏழு அங்குலம் மிச்சம்." அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். குற்றம் சொல்லும் சிரிப்பு அல்ல. கணக்குச் சரியா என்று கேட்கும் பிள்ளையின் சிரிப்பு. "போவும்ல ஐயா?"

நான் பொய்யாக எழுதிய தெருவை அவர் ஒரு அடி இடித்து, கணக்கில் உண்மையான அகலத்துக்கே கொண்டுவந்து என் முன் வைத்துவிட்டார்.

அப்போதாவது எழுந்து சொல்லியிருக்கலாம். தப்பாக அளந்துவிட்டேன் என்று சொன்னால்கூட நம்பியிருப்பார்கள். நான் சொன்னது வேறு.

"அகலம் சரி அந்தோணி. ஆனா முனையில திருப்பம் இருக்குது. தேரு நீளத்துக்கு அந்தத் திருப்பம் போதாது. மேல கரண்டுக் கம்பி வேற..."

"திருப்பத்துல இருக்கிற வூட்டயும் இடிச்சிர்றோம்யா" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள்.

அப்போது ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் பாட்டுப் பழக வந்த பெண்களோடு உட்கார்ந்திருந்த என் மகள் எழுந்தாள்.

முக்காட்டைச் சரி செய்தாள். நிருபம் வாசிக்க எழுந்திருக்கும்போது செய்வதுபோலவே. கையில் காகிதம் இல்லை. ஆனால் வாசிக்கிற குரலில்தான் சொன்னாள். நீட்டி, நிறுத்தி, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி.

"அன்னைக்கு நானும் அப்பாவும் அளந்தப்போ, பம்புத் திட்டுலேர்ந்து அந்தோணி அண்ணன் வீட்டுச் செவுரு வரைக்கும், ஒம்பது அடி நாலு அங்குலம் இருந்திச்சி. செவுத்த இடிக்கறதுக்கு முன்னாடி. நான்தான் விரல் வெச்சிக்கிட்டிருந்தேன்."

உட்கார்ந்துவிட்டாள்.

அந்தோணி துணி சுற்றிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப என் செவுரு?"

உபதேசியார் சவரிமுத்து மூக்குப்பொடி டப்பியை மூடினார். "தமிழ்ல படிச்சா எல்லாம் நல்லாத்தான் புரியுது முசே" என்றார்.

சின்னச் சாமியார் வெளுத்துப் போயிருந்தார். "தேர் போகணும்னு நெனைக்கிறவங்க கை தூக்குங்க" என்றார். அந்தோணியோடு பேரவையில் இருந்த கீழத்தெரு ஆட்கள் மூவர். பிறகு உபதேசியார், கைத்தடியோடு சேர்த்து. "எனக்கு மாத்தமே புடிக்காது சாமி. ஆனா பொய்யும் புடிக்காது" என்று விளக்கமும் சொன்னார்.

"வேண்டாங்கறவங்க."

எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் தூக்கினார்கள். என் கையும் உயர்ந்தது.

என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்காகன்னு சொல்லாதீங்க

வீட்டுக்கு வந்ததும் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். பிலோமினா நடுவில் வந்து நின்றாள். அதனால் பேசினேன். மாப்பிள்ளை வீட்டைச் சொன்னேன், டவுன் குடும்பத்தைச் சொன்னேன், "ஒனக்காகத்தாண்டி செஞ்சேன்" என்றேன்.

"எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்கப்பா," என்றாள். அழவில்லை. "அவரு செவுத்த எனக்காகவா இடிச்சாரு?"

அந்தச் சம்பந்தம் எப்படியும் வரவில்லை. சின்னச் சாமியாரைப் பொங்கலுக்குள் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஐப்பசி மழையில் அந்தோணி வீட்டுப் பாய் நனைந்து தொங்குவதைச் சைக்கிளில் போகும்போது பார்ப்பேன். மண் சுவர் இரண்டு தடவை கரைந்தது. பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டேன்.

செலின் கோரிமேட்டில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள். பஸ்ஸில் அரைமணி நேரம். ஆனால் ஹாஸ்டலிலேயே தங்கிவிட்டாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். சண்டை போட்டு நிறுத்தவில்லை. வாசிக்கும் முறை வந்தபோது வரவில்லை, அவ்வளவுதான். இப்போது விழுப்புரத்தில் வேலை. ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம். மருமகன் யார் என்று ஊரில் கதை கட்டியவர்கள் உண்டு. கீழத்தெருக்காரர் அல்ல, தெற்கே எங்கோ ஒரு இந்துக் குடும்பம். எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

பேத்திக்கு இரண்டு வயது ஆகிறது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாத குழந்தையைப் பற்றிப் பயப்பட வேண்டாம் என்று புதிய புத்தகங்கள் சொல்கின்றன. நான் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியும் இருக்கிறேன். ஆனாலும் அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் ராத்திரி எழுந்து செபமாலை சொல்கிறேன். பிலோமினா போன தடவை விழுப்புரம் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள்: "யாருக்கும் தெரியாம நானே தலையில தண்ணி ஊத்திடட்டுமாங்க? ஆபத்துக்கு யாரு வேணும்னாலும் ஊத்தலாம்தான?"

ஊற்று என்று சொல்ல ஆசை. திருட்டுத்தனமாக எதையும் அவள் வீட்டில் இனிச் செய்யக் கூடாது என்றேன்.

தேர் போனது

போன வருஷம் வந்த பங்குச் சாமியார் கூட்டம் எதுவும் போடவில்லை. அளக்கவும் சொல்லவில்லை. திருநாளன்று தேர் கீழத்தெரு முனையில் வழக்கம்போல் நின்றபோது, "இழுங்கப்பா உள்ள" என்றார். இழுத்தார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் பின்னால் போனார்கள். அவ்வளவு எளிதாக இருந்தது. யார் வீட்டுக் கூரையும் விழவில்லை. முனைத் திருப்பத்தில் தேர் ஒரு தடவை பின்வாங்கித் திரும்பியது.

நானும் நடந்தேன். அந்தோணி தன் வாசலில் நின்றிருந்தார். தலை நரைத்துவிட்டது. சுவர் இப்போது செங்கல். ஆனால் ஒரு அடி உள்ளே தள்ளியே இருந்தது. பழைய சுவரின் அடித்தளம் மண்ணில் ஒரு கோடாகத் தெரிந்தது.

"முன்னாடி இழுத்துக் கட்டியிருக்கலாமே அந்தோணி," என்றேன். எதையாவது பேச வேண்டுமே.

"அந்த ஒரு அடிய நான் தொடல ஐயா. அது ஒங்களுது."

விசுவாசிகள் மாற வேண்டும் என்று எழுதிய அந்தப் பெரியவருக்கு என் பதில் இதுதான். மொழியை மாற்றினோம், பீடத்தைத் திருப்பினோம், விளக்கை மாற்றினோம். அவற்றில் எதற்கும் எங்கள் வீட்டில் ஒரு செங்கல் நகர வேண்டியிருக்கவில்லை. நகர வேண்டிய செங்கல் வந்தபோது, அதையும் கீழத்தெருக்காரர் கையால் நகர்த்த வைத்தேன். என்னைச் சான்றாகச் சொல்லாதீர்கள்.

செலினுக்கு ஒரு கார்டு எழுதினேன். பத்து வருஷத்துக்குப் பிறகு நான் எழுதிய முதல் கார்டு: "தேர் கீழத்தெருவுக்குள் போனது. இடம் இருந்தது." பதில் அவள் அம்மாவின் பெயருக்கு வந்தது. எல்லாரும் நலம், குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது. கடைசி வரி: "எவ்வளவு இடம் இருந்ததென்று அப்பாவைக் கேள்."

பெட்டியின் அடியிலிருந்து டேப்பை எடுத்தேன். தோல் உறை வெடித்திருந்தது. துணி அப்படியே இருந்தது. பகல் இரண்டு மணிக்குத்தான் போனேன். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அந்தோணி வீட்டு வாசலில் நின்றேன். அவர் வெளியே வந்து, ஒன்றும் கேட்காமல், வளையம் வைத்த நுனியை வாங்கிக்கொண்டார். புதுச் சுவரில் வைக்கவில்லை. குனிந்து, பழைய அடித்தளக் கோட்டில் வைத்துப் பிடித்தார்.

நான் பம்புத் திட்டில் டேப்பை இழுத்து, குனிந்து பார்த்தேன். நோட்டை எடுத்தேன்.

"எழுதறது அப்பறம்," என்றார் அந்தோணி. "மொதல்ல படிங்க."

முனகினேன்.

"இங்கியே கேக்கல ஐயா."

பம்படியில் குடம் வைத்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். தொண்டையைச் சரி செய்துகொண்டு, கடைசி வீட்டுக்குக் கேட்கும்படி படித்தேன்.

அந்த அளவை எழுதி விழுப்புரத்துக்கு அனுப்பி நான்கு மாதம் ஆகிறது. தபால்காரர் பதினொரு மணிக்கு வருவார். பதினொன்றே காலுக்கு நான் உள்ளே வந்துவிடுகிறேன்.